அறிவித்தல் மின்னஞ்சல் எதையெல்லாம் சொல்லிவிடுகிறது?

மட்டக்களப்புக்குத் தெற்கே, களுவாஞ்சிக்குடிப் பக்கமாகச் சிறிய பெண்கள் நிலையம் ஒன்றை நடத்துபவர்களில் ஒருவர் இந்த முறை எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. ஆளையும் ஊரையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

நிலையத்துக்கு, வேர்ட்பிரஸ் என்ற இணையத்தள மென்பொருளில் செய்த தளம் ஒன்று இருக்கிறது. அதில் ‘உங்கள் பிரச்சினையை எழுதுங்கள்’ என்று ஒரு படிவம். வீட்டு வன்முறை, நுண்கடன்காரரின் தொல்லை, வெளிநாட்டுக்குப் போன பெண்களின் சம்பளப் பிரச்சினை என்று வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை இரண்டு பக்கத்துப் பெண்களும் அதில் எழுதுகிறார்கள். யாராவது எழுதினால் ஒரு பிளகின் (தளத்தோடு சேர்த்துப் போடும் சிறு மென்பொருள்) உடனே ஐந்து உறுப்பினர்களின் ஜிமெயிலுக்கு அறிவித்தல் அனுப்புகிறது. எழுதிய பெண்ணுக்கும் ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்று ஒரு பிரதி போகிறது. தளத்தைச் செய்து கொடுத்தவர் ஊர்த் தம்பி ஒருவர், இப்போது கட்டாரில். காசு கொடுத்து வாங்கவேண்டிய பதிப்பை எங்கிருந்தோ இலவசமாக எடுத்துப் போட்டிருக்கிறார். மூன்று வருடமாக அப்டேட் எதுவும் வரவில்லை. போன மாதம், தளத்தைத் தன் கணினியில் வைத்து நடத்தும் ஹோஸ்டிங் நிறுவனம், ‘உங்கள் கணக்கிலிருந்து வழமைக்கு மாறாக மின்னஞ்சல்கள் வெளியேறுகின்றன, நிறுத்தாவிட்டால் கணக்கை இடைநிறுத்துவோம்’ என்று எழுதியிருக்கிறது.

கொழும்பில் கணினித் துறையில் இருக்கும் அண்ணன் முறையான ஒருவர், ‘பிளகினை அழித்துவிட்டு வட்ஸ்அப் குழுவுக்கு மாறுங்கள்’ என்று சொன்னாராம். இவர் பிளகினை இயங்காமல் செய்தார். அந்த ஒரு வாரத்தில் மூன்று செய்திகள் வந்து யாருக்கும் தெரியாமல் கிடந்தன. அதில் ஒன்று, ‘நாளைக்கே வீட்டை விட்டு வரவேண்டும், எங்கே வரலாம்’ என்று கேட்டது. பயந்துபோய் மறுபடி இயக்கிவிட்டார். ‘தளத்தில் பூட்டுப் படம் இருக்கிறது, இந்தப் பிளகினை லட்சக்கணக்கானவர்கள் பாவிக்கிறார்களாம், எங்களை மாதிரிச் சின்ன நிலையத்தை யார் தாக்கப்போகிறார்கள்? பயமில்லைத்தானே?’ என்று கேட்கிறார். கூடவே மூன்று கேள்விகள்: பிளகினை வைப்பதா எடுப்பதா, சட்டப்படி மாட்டுவோமா, எழுதிய பெண்களுக்கு ஏதாவது சொல்லவேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

மறுபடி இயக்கியதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். எங்கள் துறையில் பலருக்குப் பாதுகாப்பு என்றால் எதையாவது மூடுவது மட்டும்தான் ஞாபகம் வரும். உதவி கேட்ட பெண்ணின் செய்தி ஒரு வாரம் பார்ப்பாரில்லாமல் கிடந்ததும் பாதுகாப்புக் கோளாறுதான். உங்கள் நிலையத்தைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கோளாறு இல்லை. அதனால் அண்ணன் சொன்னதில் பாதி சரி. இப்போதிருக்கும் பிளகின் போகத்தான் வேண்டும், ஆனால் அறிவித்தல் நிற்கக்கூடாது.

‘இது பாதுகாப்பான பிளகினா’ என்று நீங்கள் கேட்கிறீர்கள். அதற்கு ஆம், இல்லை என்று பதில் சொன்னாலும் உங்களுக்கு அதிகம் உதவாது. அந்தப் பிளகின் எதைத் தூக்கிக்கொண்டு போகிறது, யாரிடம் கொடுக்கிறது, வழியில் எத்தனை பிரதியை விட்டுவிட்டுப் போகிறது என்று பாருங்கள். நாளைக்கே உலகத்தில் மிகச் சிறந்த பிளகினைப் போட்டாலும், உங்கள் இப்போதைய செட்டிங்கில் பெரிய ஆபத்து அப்படியே இருக்கும்.

முதலில் அந்த ஹோஸ்டிங் கடிதம்

இதை வாசித்தால் ‘யாரோ தளத்துக்குள் புகுந்துவிட்டார்கள்’ என்றுதான் தோன்றும். இருக்கலாம். ஆனால் அதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு, முதலில் அதைப் பாருங்கள். உங்கள் படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்கிறீர்கள், எழுதியவருக்கு அவர் எழுதியதையே பிரதியாகத் திருப்பி அனுப்புகிறீர்கள். இப்படிப்பட்ட படிவங்களைத் தேடி இணையத்தில் தானியங்கி நிரல்கள் இரவுபகலாக அலைகின்றன. அவை முகவரிப் பெட்டியில் யாரோ ஒருவருடைய முகவரியைப் போடும், செய்திப் பெட்டியில் சூதாட்டத் தளத்து விளம்பரத்தைப் போடும். உங்கள் பிளகின் அந்த விளம்பரத்தை மரியாதையாக, உங்கள் நிலையத்தின் பெயரிலேயே அந்த ஆளுக்கு அனுப்பிவைக்கும். யாரும் எதையும் உடைக்கவில்லை. கேட்டதைச் செய்யும் இயந்திரம் கேட்டதைச் செய்தது, அவ்வளவுதான்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்கலாம். ஹோஸ்டிங் கணக்கில் சீபெனல் என்ற நிர்வாகப் பக்கம் இருந்தால், மின்னஞ்சல் பகுதியில் ‘ட்ராக் டெலிவரி’ என்று ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் ஹோஸ்டிங்காரரிடமே வெளியேறிய மின்னஞ்சல்களின் மாதிரி சிலவற்றைக் கேளுங்கள், தருவார்கள். தலைப்பில் ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்று இருந்தால் மேலே சொன்ன கதைதான். பிரதி அனுப்புவதை நிறுத்தினால் அன்றைக்கே அடங்கிவிடும். தலைப்பு நீங்கள் அறியாததாக, அனுப்பியவர் பெயரும் வேறாக இருந்தால் தளத்துக்குள் யாரோ ஒரு நிரலை வைத்திருக்கக்கூடும். அப்படியானால் வீட்டுக்குள் இருப்பவர்களே தேடி எடுக்கப் பார்க்க வேண்டாம். முழுத் தளத்தையும், செய்திகள் சேமிக்கப்படும் தரவுத்தளத்தையும் அப்படியே ஒரு பெக்கப் எடுத்து, தளத்துடன் தொடர்பில்லாத ஒரு டிரைவில் வையுங்கள். அது பிறகு ஆதாரம். அதன்பின் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிப்பதற்கென்றே உள்ள தேசிய அமைப்பு அது. 101 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

எது காரணமாக இருந்தாலும் அந்தத் தானியங்கிப் பிரதியை இன்றே நிறுத்துங்கள். இதில் எனக்கு ஸ்பாம் இரண்டாம் பட்சம்தான். கணவனோ மாமியாரோ கையில் எடுக்கும் அதே ஃபோனில் அந்தப் பெண்ணின் மின்னஞ்சல் திறந்திருக்கும். இரவு பத்து மணிக்கு அதில் டிங் என்று ஒரு சத்தம், திரையில் உங்கள் நிலையத்தின் பெயர், கீழே அவள் எழுதிய முதல் வரி. இதைச் செய்ய எந்த ஹேக்கரும் வரவேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, படிவத்தை அனுப்பிய உடனே திரையிலேயே ‘கிடைத்தது, இரண்டு நாளுக்குள் தொடர்புகொள்வோம்’ என்று காட்டினால் போதும். எந்த நேரத்தில் அழைத்தால் பிரச்சினையில்லை என்று படிவத்திலேயே ஒரு கேள்வி வையுங்கள். முகவரிப் பெட்டியைக் கட்டாயம் நிரப்பவேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிடுங்கள். படிவத்துக்கு மேலே, அவசரம் என்றால் 119க்கோ பெண்கள் உதவி இலக்கமான 1938க்கோ அழைக்கும்படி பெரிய எழுத்தில் போடுங்கள். ‘நாளைக்கே வரவேண்டும்’ என்ற நிலையில் இருப்பவர் ஒரு படிவத்தை மட்டும் நம்பியிருக்கக்கூடாது.

ஐந்து ஜிமெயில்கள்

உறுப்பினர் ஐந்து பேருக்கும் போகும் மின்னஞ்சலில் என்ன இருக்கிறது என்று நீங்கள் ஒரு மாதிரியை இணைத்திருந்தீர்கள். பெயர், ஃபோன் இலக்கம், ஊர், பிறகு அந்தப் பெண் எழுதியது முழுவதும். ஐந்து பேரில் ஒருவர் போன வருடமே நிலையத்தை விட்டுப் போய்விட்டார் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இன்னமும் போய்க்கொண்டிருக்கிறது! அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய பழைய ஃபோன் இப்போது யாருடைய கையில் இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஒரு செய்தி வந்தால் அது எங்கெல்லாம் தங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தளத்தின் தரவுத்தளத்தில் ஒன்று. ஐந்து ஜிமெயிலில் ஐந்து. எழுதியவரின் பெட்டியில் ஒன்று. மின்னஞ்சல்களைப் பதிவு செய்து வைக்கும் வசதி பிளகினில் திறந்திருந்தால் அதில் இன்னொன்று. வாராவாரம் எடுக்கும் பெக்கப் ஒவ்வொன்றிலும் மறுபடி ஒன்று. ஒருவர் ஜிமெயிலை மடிக்கணினியிலும் ஃபோனிலும் மகனுடைய டேப்லெட்டிலும் திறந்து வைத்திருந்தால் கணக்கு இன்னும் கூடும். மூன்று வருடத்துச் செய்திகளை இதனால் பெருக்குங்கள். ஒரு பிளகினின் ஆபத்தை மதிப்பிட நான் உட்கார்ந்தால், நிரலைத் திறக்கும் முன் இந்தத் தாளைத்தான் கேட்பேன்.

மருந்து மிகவும் எளிது, காசும் வேண்டாம். அறிவித்தல் மின்னஞ்சலில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு வரியை மட்டும் வையுங்கள்: ‘புதிய செய்தி ஒன்று வந்திருக்கிறது, இலக்கம் இன்னது.’ பெயரும் ஊரும் அதில் வேண்டாம். ‘பெண்கள்’, ‘முறைப்பாடு’ போன்ற சொற்கள் தலைப்பில்கூட வேண்டாம். பார்க்க வேண்டியவர் தளத்துக்குள் நுழைந்து பார்ப்பார். கல்லடியில் கடை வைத்திருக்கும் உறுப்பினரின் ஃபோன் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தாலும், திரையில் அந்த ஒரு வரிதான் தெரியும். ஐந்து பேர் வேண்டாம், பொறுப்பான இரண்டு பேர் போதும். ஒருவர் லீவில் நின்றால் மற்றவர் பார்க்கட்டும். இதைச் செய்தாலே உங்கள் ஆபத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். பிளகினை மாற்றுவது அதற்கு அடுத்ததுதான்.

வட்ஸ்அப் குழு பற்றி ஒரு வார்த்தை. வழியில் யாரும் வாசிக்க முடியாதபடி வட்ஸ்அப் செய்தியை மறையாக்கம் செய்வது உண்மை. ஆனால் உங்கள் பிரச்சினை வழியில் இல்லை, போய்ச் சேரும் ஃபோன்களில் இருக்கிறது. குழுவில் போட்ட படமும் ஒலிப்பதிவும், செட்டிங்கை மாற்றாவிட்டால், ஒவ்வொரு ஃபோனிலும் தானாக இறங்கும். ஒருவரை நீக்கினாலும் அதுவரை வந்தவை அவரிடம் இருக்கும். அறிவித்தலுக்கு வேண்டுமானால் ‘புதியது வந்திருக்கு, பாருங்க’ என்று போடலாம். விபரத்தைப் போட வேண்டாம்.

உங்கள் நம்பிக்கைகள் சிலவற்றைத் திருத்தவேண்டும்

பூட்டுப் படம் நல்லதுதான், ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்று: எழுதுகிறவரின் ஃபோனிலிருந்து, தளம் இருக்கும் கணினியான சேர்வருக்கு வரும் வழியில் யாரும் எட்டிப்பார்க்க முடியாது. சேர்வருக்கு வந்த பிறகு, தரவுத்தளத்திலும் மின்னஞ்சல் பெட்டியிலும் செய்தி சாதாரண எழுத்தாகத்தான் கிடக்கிறது.

‘சின்ன நிலையம்’ என்பதும் உங்களைக் காப்பாற்றாது. இப்படிப்பட்ட தாக்குதல்களில் பெரும்பாலானவற்றில் உங்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு பிளகினில் ஓட்டை இருப்பது வெளியே வந்ததும், அந்தப் பிளகின் உள்ள தளங்களைத் தேடி நிரல்கள் கிளம்பும். அது வங்கியா, வாசிகசாலையா, களுவாஞ்சிக்குடி பெண்கள் நிலையமா என்று அவை பார்ப்பதில்லை. அப்புறம், உங்கள் விஷயத்தில் குறிவைத்து வரக்கூடியவர்களும் இருக்கிறார்கள். மனைவி என்ன எழுதினாள் என்று அறியத் துடிக்கும் ஒருவருக்குப் பெரிய அறிவெல்லாம் வேண்டாம், உங்கள் உறுப்பினர் ஒருவரின் பாஸ்வேர்ட் போதும்.

‘லட்சக்கணக்கானவர்கள் பாவிக்கிறார்கள்’ என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் மின்னஞ்சல் அனுப்பும் பிளகின்களிலேயே இதற்கு நல்ல பாடங்கள் நடந்திருக்கின்றன. 2020 டிசம்பரில் ‘ஈஸி டபிள்யூ.பி. எஸ்.எம்.டி.பி.’ என்ற பிளகினில் ஒரு கோளாறு வெளிவந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது இருந்தது. தான் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுதிவைக்கும் வசதி அதற்கு இருந்தது. அந்தக் கோப்பு இருந்த கோப்புறை, சில சேர்வர்களில் வெளியாருக்கும் திறந்து தெரிந்தது. தாக்குகிறவர்கள் செய்தது இதுதான்: தளத்தின் நுழைவுப் பக்கத்துக்குப் போய், நிர்வாகியின் பெயரில் ‘பாஸ்வேர்டை மறந்துவிட்டேன்’ என்று அழுத்தினார்கள். மாற்றுவதற்கான லிங்க் நிர்வாகியின் மின்னஞ்சலுக்குப் போனது. அதே லிங்க் பதிவுக் கோப்பிலும் விழுந்தது. கோப்பைத் திறந்து லிங்கை எடுத்து, தாங்களே நிர்வாகி ஆகிவிட்டார்கள். 2024 ஜனவரியில் வெளிவந்த இன்னொன்று ‘போஸ்ட் எஸ்.எம்.டி.பி.’, மூன்று லட்சம் தளங்களில் இருந்தது. கைத்தொலைபேசிச் செயலியுடன் இணைக்கும் சாவியை வெளியார் மாற்றியமைக்க முடிந்தது. அந்தச் சாவியோடு மின்னஞ்சல் பதிவுகளையும் படிக்க முடிந்தது.

இரண்டிலும் வாசல் ஒன்றேதான், சேமித்து வைத்த மின்னஞ்சல். அதனால்தான் பிளகினின் பெயரைவிட ‘இது எதைச் சேமிக்கிறது’ என்பதில் நான் அழுத்தமாக நிற்கிறேன். இரண்டுக்கும் திருத்தம் உடனே வந்தது என்பதையும் சொல்லவேண்டும். அப்டேட் செய்தவர்கள் தப்பினார்கள். உங்களிடம் இருப்பது அப்டேட் வராத பதிப்பு.

இலவசமாகக் கிடைத்த ‘புரோ’ பதிப்பைத் திருட்டு என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறீர்கள். வேர்ட்பிரஸ் பிளகின்கள் பெரும்பாலும் பிரதி எடுக்க அனுமதிக்கும் உரிமத்தில் வருபவை, அதனால் அந்தப் பக்கத்துப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பயப்படவேண்டியது வேறு. பூட்டை உடைத்துப் பகிரப்படும் பதிப்புகளில் இடையில் யாரோ ஒருவர் கை வைத்திருக்கிறார். உரிமச் சோதனையை எடுத்தவர் கூடவே ஒரு பின்வாசலையும் வைத்தாரா என்று உங்களாலும் முடியாது, அந்தத் தம்பியாலும் முடியாது, கண்டுபிடிக்க. இப்படிப் பகிரப்படும் பிளகின்கள் வழியாகவே பரவிய தீநிரல்கள் உண்டு. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அந்தப் பதிப்பு போகட்டும்.

எடுப்பதும் புதிதாகப் போடுவதும்

இயங்காமல் செய்வது போதாது. இயங்காத பிளகினின் கோப்புகள் சேர்வரில் அப்படியே கிடக்கும், சில ஓட்டைகளை அந்தக் கோப்பை நேரே அழைத்தே பயன்படுத்த முடியும். முழுதாக அழிக்கவேண்டும். அழித்த பிறகும் பல பிளகின்கள் தரவுத்தளத்தில் தங்கள் அட்டவணைகளை விட்டுவிட்டுப் போகும். பழைய செய்திகள் அதற்குள் இருக்கும். தளத்தைப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் இதைக் குறிப்பாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதியதைப் போட்டுச் சோதித்த பிறகே பழையதை அழியுங்கள், அறிவித்தல் ஒரு நாளும் நிற்காது. தேர்வு செய்யும்போது வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து மட்டும் எடுங்கள். கடைசி அப்டேட் எப்போது, உங்கள் வேர்ட்பிரஸ் பதிப்பில் சோதித்திருக்கிறார்களா, உதவிப் பகுதியில் கேட்பவர்களுக்கு யாராவது பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். பிளகினின் பெயரை வேர்ட்ஃபென்ஸ், பட்ச்ஸ்டாக் ஆகிய பாதுகாப்பு நிறுவனங்களின் ஓட்டைப் பட்டியல்களில் தேடுங்கள். அங்கே பெயர் இருப்பதால் மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம். ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டுச் சில நாளில் திருத்தப்பட்டிருந்தால் அந்தப் பிளகினைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். திருத்தப்படாமல் கிடந்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பாதுகாப்புக் காரணத்துக்காக ஒரு பிளகின் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டால், அதை ஏற்கனவே போட்டவருக்கு வேர்ட்பிரஸ் தானாக எதுவும் சொல்லாது. உங்கள் தளத்தில் அது வழமைபோல ஓடிக்கொண்டிருக்கும். ‘அப்டேட் ஒன்றும் காட்டவில்லை, எல்லாம் சரி’ என்று நினைப்பீர்கள். மாதம் ஒரு முறை, உங்களிடம் உள்ள பிளகின்களின் பக்கங்களைக் களஞ்சியத்தில் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை.

போட்ட பிறகு: மின்னஞ்சல்களைப் பதிவு செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். தானியங்கி நிரல்களைத் தடுக்க, மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுப் பெட்டியைப் படிவத்தில் வைக்கும் வசதி பல பிளகின்களில் உண்டு, நிரல் அதையும் நிரப்பி மாட்டிக்கொள்ளும். படம் பார்த்துத் தேர்வு செய்யச் சொல்லும் சோதனையை நான் விரும்பவில்லை. சிக்னல் குறைந்த இடத்திலிருந்து, பதற்றத்தோடு எழுதுகிற பெண்ணிடம் போக்குவரத்து விளக்கைத் தேடச் சொல்வது அநியாயம்.

உங்கள் பிளகின் செட்டிங்கில், மின்னஞ்சல் அனுப்புவதற்காக நிலையத்தின் பிரதான பெட்டியின் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறீர்கள். பிரதேச செயலகத்துக்கும் சட்டத்தரணிக்கும் நீங்கள் எழுதுவதும் அதே பெட்டியிலிருந்துதான். அந்தப் பாஸ்வேர்ட் பிளகினிலிருந்து கசிந்தால் அந்தக் கடிதங்கள் எல்லாமே திறக்கும். அனுப்புவதற்கென்று மட்டும் தனியாக ஒரு முகவரி உருவாக்குங்கள், அதற்கு எதுவும் வந்து சேரக்கூடாது. பிரதான பெட்டியின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

தளத்துக்குள் நுழைபவர்கள் எல்லோருக்கும் தனித்தனிக் கணக்கு, இரண்டு கட்டச் சரிபார்ப்பு. செய்தி வாசிப்பவருக்கு நிர்வாகி அதிகாரம் தேவையில்லை. இதற்குக் காரணம் உண்டு. சில பிளகின்கள் படிவத்தில் எழுதப்பட்டதைச் சுத்தம் செய்யாமல் அப்படியே நிர்வாகப் பக்கத்தில் காட்டும். பெயர்ப் பெட்டியில் பெயருக்குப் பதிலாக ஒரு சிறு நிரலை யாராவது எழுதியிருந்தால், நீங்கள் அந்தச் செய்தியைத் திறக்கும்போது அது உங்கள் அதிகாரத்தோடு ஓடும். நீங்கள் நிர்வாகி என்றால் அதுவும் நிர்வாகி. வாசிக்க மட்டும் அனுமதி உள்ளவர் திறந்தால் சேதம் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது

நான் சட்டத்தரணி இல்லை, எங்கள் தொழிலுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி செய்யப்பட்ட அந்தச் சட்டம் 2025இல் திருத்தப்பட்டது. அதன்படி, யாருடைய விபரத்தை எதற்காகத் திரட்டுவது என்று தீர்மானிக்கும் அமைப்பே பொறுப்பாளி. தளத்தைச் செய்து கொடுத்த தம்பியோ பிளகினை எழுதியவரோ உங்கள் இடத்தில் நின்று பதில் சொல்லப்போவதில்லை. உடல்நலம், பாலியல் வாழ்க்கை, பிள்ளைகள் பற்றிய விபரங்களுக்குச் சட்டம் கூடுதல் கவனம் கேட்கிறது. உங்களுக்கு வரும் செய்திகளில் இவை எல்லாமே இருக்கின்றன. எந்தப் பிரிவு இப்போது உங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதை மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள்.

மாட்டுவோமா என்ற பயத்தைவிட, என்ன செய்தோம் என்று காட்டக்கூடிய ஒரு கொப்பி முக்கியம். யாருக்கு அனுமதி, எப்போது மாற்றினோம், எப்போது அழித்தோம் என்று திகதியோடு எழுதிவையுங்கள். மறுபக்கம், யாராவது அனுமதியில்லாமல் புகுந்திருந்தால் அது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றம். முறைப்பாடு செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பழைய செய்திகளை அழிக்கும் முன் ஒரு விஷயம் பாருங்கள். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவான் நீதிமன்றம் போயிருக்கும் பெண்ணின் செய்தி அதில் இருந்தால், அது வழக்குக்குத் தேவைப்படலாம். அப்படியானவற்றை அச்செடுத்து அவருடைய கோவையில் போட்டு அலுமாரியில் பூட்டுங்கள். மற்றவற்றை, முடிந்த விடயங்களை, தளத்திலிருந்தும் உறுப்பினர்களின் ஜிமெயிலிலிருந்தும் அழியுங்கள். குப்பைப் பெட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள், பலர் அங்கேதான் நின்றுவிடுவார்கள்.

எழுதியவர்களுக்குச் சொல்வதா

நேர்மையாக எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடலாம் என்று யோசித்திருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ‘நீங்கள் எங்களுக்கு எழுதிய விபரம் வெளியே போயிருக்கலாம்’ என்று நூற்றுக்கணக்கான ஃபோன்களுக்கு அனுப்பினால், வெளியே போகாததையும் நீங்களே வெளியே அனுப்பியதாகிவிடும்.

ஹோஸ்டிங் பதிவுகளைப் பார்த்து, பிரச்சினை தானியங்கிப் பிரதியால் வந்த ஸ்பாம் மட்டும்தான் என்று தெரிந்தால், பெண்களிடம் சொல்ல எதுவும் இல்லை. உள்ளே யாரோ புகுந்ததற்கு ஆதாரம் கிடைத்தால் சொல்லத்தான் வேண்டும், அதை மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் வாயால் சொல்லுங்கள். யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களிடம் முதலில். களத்துக்குப் போகும் உங்கள் உத்தியோகத்தர் வேறு வேலையாகப் போவதுபோலப் போய், தனியாக இருக்கும்போது சொல்லட்டும். என்ன எழுதியிருந்தார் என்பதை அவருக்கே நினைவூட்டி, வீட்டில் யாருக்காவது தெரிந்தால் என்ன செய்வது என்று சேர்ந்து ஒரு திட்டம் போடட்டும். வெறுமனே ‘மன்னிக்கவும்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவதால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பயனும் இல்லை.

கடைசியாக, கட்டாரிலுள்ள தம்பியைப் பற்றி. ‘அவர்தான் ஏதாவது செய்திருப்பாரோ’ என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன எதிலும் அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அவருடைய நிர்வாகிக் கணக்கு இன்னும் திறந்திருக்கிறது, அது வேறு பிரச்சினை. 2024 ஜூனில் சில வேர்ட்பிரஸ் பிளகின்களுக்குள் தீநிரல் நுழைந்தது எப்படியென்றால், அவற்றை எழுதியவர்கள் வேறு எங்கோ கசிந்த பாஸ்வேர்டையே இங்கும் பாவித்திருந்தார்கள். தொழிலாகச் செய்பவர்களுக்கே அது நடக்கும்போது, நம்பிக்கையானவர் என்பதற்காக ஒரு கணக்கைத் திறந்து வைக்க முடியாது. அவரிடம் சொல்லிவிட்டே மூடுங்கள், கோபம் வராது.

மூடும் முன் இன்னொன்றைக் கேளுங்கள். தளத்தின் இணைய முகவரியான டொமைன் பெயரும் ஹோஸ்டிங் கணக்கும் யாருடைய பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன? நீங்கள் இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, அதனால் அவருடைய பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவருடைய அந்த மின்னஞ்சல் கைவிட்டுப் போனால், மேலே சொன்ன எதையும் உங்களால் செய்ய முடியாமல் போகும். இரண்டையும் நிலையத்தின் பெயருக்கு மாற்ற அவருடைய ஒத்துழைப்பு தேவை. நமக்கு இரவு ஒன்பதரை என்றால் அவருக்கு ஏழு மணி, வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார். இன்றைக்கே அழைத்துப் பேசுங்கள்.